மேடையில் ஆணையிட்டவர், சர்வாதிகாரிகளுக்குப் பணியாதவர்: இசை நடத்துனர் டொஸ்கானினியின் வாழ்க்கை

மேற்கத்திய சாஸ்திரீய இசையை வழங்கும் சிம்பொனி இசைக்குழு ஒன்று மேடையில் அமரும்போது அதில் ஏறக்குறைய நூறு கலைஞர்கள் இருப்பார்கள். வயலின், வியோலா, செல்லோ, புல்லாங்குழல், ஓபோ, எக்காளம், முரசு என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாத்தியம் இருக்கும். அந்த மேடையில் எந்த ஒலியும் எழுப்பாத ஒருவர் உண்டென்றால், அவர் அனைவருக்கும் முன்னால் கையில் சிறு தடியுடன் நிற்கும் இசை நடத்துனர்தான். ஆனால் இசை எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் செல்ல வேண்டும், எந்த இடத்தில் தணிய வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் அவரே.

ஒரு தலைவர், அவரது கையசைவுக்கு ஏற்ப இயங்கும் நூறு பேர், பிசகாத ஒழுங்கு. இருபதாம் நூற்றாண்டின் சர்வாதிகாரிகள் தமது நாடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினார்களோ, அதன் சிறிய வடிவம் போலவே இந்தக் காட்சி வெளிப்பார்வைக்குத் தோன்றும். இசைக்குழுவின் ஒற்றுமை உண்மையிலேயே அத்தகையதுதானா என்ற கேள்வியை எழுப்புபவர்கள் இத்தாலியின் அர்த்துரோ டொஸ்கானினியின் வாழ்க்கையைத் தவிர்த்துவிட முடியாது. தனது காலத்தின் மிகப் புகழ்பெற்ற இசை நடத்துனராக இருந்த அவர், ஒத்திகைகளில் மிகக் கடுமையானவர் என்று பெயரெடுத்தவர். அதே மனிதர்தான் முசோலினிக்கும் ஹிட்லருக்கும் பணிய மறுத்து, தனக்கு மிகவும் பிடித்தமான மேடைகளைத் துறந்தார்.

தையற்காரரின் மகன்

டொஸ்கானினி 1867ம் ஆண்டு மார்ச் மாதம் 25ம் தேதி, வட இத்தாலியின் பார்மா நகரில் பிறந்தார். நகரை ஊடறுத்து ஓடும் ஆற்றுக்கு அப்பால், உழைப்பாளர்கள் செறிந்து வாழ்ந்த பகுதி அவர் பிறந்த இடம். தந்தை கிளாடியோ ஒரு தையற்காரர். இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டியின் படையில் சேர்ந்து போரிட்டவர். குடியரசுக் கொள்கையில் பிடிப்புள்ள, ஆனால் வருமானத்தில் பிடிப்பில்லாத குடும்பம் அது.

ஒன்பது வயதில் உபகாரச் சம்பளத்தில் பார்மா இசைக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட சிறுவன், ஒன்பது ஆண்டுகள் அங்கேயே தங்கிப் படித்தான். செல்லோ அவனது பிரதான வாத்தியம். 1885ம் ஆண்டில் உயர்ந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்று வெளியேறியபோது, டொஸ்கானினியிடம் பிற்காலத்தில் உலகமே வியந்த ஒரு ஆற்றல் ஏற்கனவே இருந்தது. இசைக்குறிப்பு ஏட்டை ஒரு முறை ஊன்றிப் படித்தால், அதிலுள்ள ஒவ்வொரு வாத்தியத்தின் பகுதியும் அவரது நினைவில் பதிந்துவிடும். பார்வைக் குறைபாடு காரணமாக மேடையில் ஏட்டைப் பார்த்து நடத்துவது அவருக்குக் கடினமாக இருந்தது. ஆகவே நினைவாற்றல் அவருக்கு ஒரு தேவையாகவும் ஆயிற்று.

1886ல் ஒபேரா எனப்படும் இசை நாடகக் குழுவொன்றுடன் செல்லோ கலைஞராகவும், பாடகர் குழுவுக்குத் துணைப் பயிற்சியாளராகவும் அவர் தென் அமெரிக்கா சென்றார். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் அந்தக் குழுவின் உள்ளூர் நடத்துனர், இத்தாலியக் கலைஞர்களுடன் ஏற்பட்ட தகராறில் விலகிக்கொண்டார். ஜூன் மாதம் 30ம் தேதி இரவு, வெர்டியின் ஐடா இசை நாடகத்துக்காகக் கூடியிருந்த ரசிகர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அவருக்குப் பதிலாக மேடையேறியவரைக் கூச்சலிட்டே இறக்கிவிட்டார்கள். நிகழ்ச்சி ரத்தானால் குழுவினர் அனைவரும் அந்நிய மண்ணில் வருமானமின்றித் தவிக்க வேண்டிய நிலை.

அப்போது குழுவினர் வற்புறுத்தி அனுப்பியது, செல்லோ வரிசையில் அமர்ந்திருந்த 19 வயது இளைஞரை. டொஸ்கானினி ஏட்டை மூடி வைத்துவிட்டு, முழு நாடகத்தையும் நினைவிலிருந்தே நடத்தினார். கூச்சலிட்டவர்கள் கரவொலி எழுப்பினார்கள். எஞ்சிய பருவம் முழுவதையும் அவரே நடத்தி முடித்தார்.

அவரை நடத்துனராக்கியது எந்த மேலதிகாரியின் நியமனமும் அல்ல என்பது இங்கே கவனிக்கத்தக்கது. அவரோடு அமர்ந்து வாசித்த சக கலைஞர்களே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இத்தாலி திரும்பிய பின்னரும் அவர் சில காலம் செல்லோ வாசித்தார். 1887 பிப்ரவரி 5ம் தேதி, மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் வெர்டியின் ஒதெல்லோ முதன்முறையாக அரங்கேறியபோது, இரண்டாம் செல்லோ வரிசையில் இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

நூறு பேர் ஒன்றாவது எப்படி?

இசைக்குழுவுக்கு ஒரு நடத்துனர் ஏன் தேவைப்படுகிறார் என்பதற்கு எளிமையான பௌதிகக் காரணம் ஒன்று உண்டு. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 17 மீட்டர் அகலமுள்ள மேடையின் ஒரு முனையில் எழும் ஒலி மறுமுனையை அடைய ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரமாகிறது. கேட்பதற்குச் சொற்பமாகத் தோன்றினாலும், விரைவான இசையில் இந்தத் தாமதம் தெளிவைக் குலைக்கப் போதுமானது. காதால் மட்டும் கேட்டு ஒருவரையொருவர் பின்பற்றினால், பின்வரிசையினர் எப்போதும் பிந்துவார்கள். ஒளி உடனடியாக வந்து சேர்வதால், அனைவரும் பார்க்கக்கூடிய ஒரு கையசைவு தேவைப்படுகிறது.

இரண்டாவது காரணம் தகவல் தொடர்பானது. கலைஞர் ஒவ்வொருவர் முன்பும் இருப்பது அவரவர் வாத்தியத்துக்குரிய பகுதி மட்டுமே. இரண்டாம் ஓபோ கலைஞர் ஐம்பது, அறுபது தாள அளவுகளை மௌனமாக எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, நான்கு சுரங்களை மட்டும் வாசிக்க நேரலாம். அந்த நான்கு சுரங்கள் எதற்குப் பதிலாக வருகின்றன, எதைத் தாங்கி நிற்கின்றன என்பது அவரது தாளில் எழுதப்பட்டிருக்காது. எல்லாப் பகுதிகளையும் ஒன்றாகக் கொண்ட முழு ஏடு நடத்துனரிடமே இருக்கிறது.

ஆனால் நடத்துனரின் தடி மட்டும் இசையை உருவாக்கிவிடுவதில்லை. நிகழ்ச்சிக்கு முன்பு ஓபோ எழுப்பும் ஒரு சுரத்துக்கு அனைவரும் தமது வாத்தியங்களைச் சுருதி சேர்க்கிறார்கள். முதல் வயலின் தலைவர், வில்லை எந்த இடத்தில் மேலே தள்ளுவது, எங்கே கீழே இழுப்பது என்று தீர்மானிக்கிறார். அவரது வரிசையில் உள்ள பதினான்கு, பதினாறு பேரும் அப்படியே செய்கிறார்கள். ஊதுகுழல் கலைஞர்கள் ஒருவர் மூச்செடுப்பதை மற்றவர் கவனித்துத் தாமும் மூச்செடுக்கிறார்கள். கனத்த கம்பிகளைக் கொண்ட டபுள் பேஸ் வாத்தியத்தில் ஒலி எழச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், அதை வாசிப்பவர்கள் ஒரு நொடிக்கூறு முன்கூட்டியே வில்லை நகர்த்துகிறார்கள். இவையெல்லாம் நடத்துனர் ஒவ்வொரு முறையும் சொல்லி நடப்பவை அல்ல. ஒருவரையொருவர் இடைவிடாது கேட்டுக்கொள்வதால் நடப்பவை.

இசைக்குழுவைக் கேட்டு மகிழ விரும்பும் புதிய ரசிகர்களும் இங்கிருந்தே தொடங்கலாம். பீத்தோவனின் ஏழாவது சிம்பொனியின் இரண்டாம் பாகம் இதற்குச் சிறந்த உதாரணம். ஊதுகுழல்களின் ஒரு நெடிய ஒலிக்குப் பின்னர், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் ஆகியவை மிக மெதுவாக ஒரு எளிய தாள வடிவத்தைத் தொடங்குகின்றன. அடுத்து அதை இரண்டாம் வயலின்கள் ஏற்றுக்கொள்ள, வியோலாவும் செல்லோவும் அதற்கு எதிராக வேறொரு மெட்டைப் பாடுகின்றன. பிறகு முதல் வயலின்கள் முறையெடுக்கின்றன. இறுதியில் முழுக் குழுவும் சேர்ந்துகொள்கிறது. மேலே ஒலிக்கும் மெட்டை மட்டும் பின்தொடராமல், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு அது மாறுவதைக் கவனிக்கும் ரசிகருக்கு, நூறு பேர் சேர்ந்து வாசிப்பதன் பொருள் புரியத் தொடங்கும்.

டொஸ்கானினி முதல் வயலின்களையும் இரண்டாம் வயலின்களையும் மேடையின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்த்தும் பழைய முறையையே கடைப்பிடித்தார். அரங்கில் இருப்பவர்களுக்கு அந்த உரையாடல் தெளிவாகக் கேட்டது. இந்தச் சிம்பொனியை நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் 1936ல் அவர் செய்த ஒலிப்பதிவு, இன்றளவும் மிகச் சிறந்த பதிவுகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அக்காலத்துப் பதிவு என்பதால் இடம், வலம் என்ற பிரிவு அதில் கேட்காது. ஆனால் உட்குரல்கள் ஒன்றையொன்று மறைக்காத தெளிவை அதில் கேட்க முடியும்.

ஏடே சட்டம்

இந்தத் தெளிவுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இத்தாலிய அரங்குகளில் பாடகர்களே அரசர்கள். அவர்கள் விரும்பிய இடத்தில் சுரத்தை நீட்டுவார்கள். ரசிகர்கள் கேட்டால் பாதி நாடகத்தில் நின்று அதே பாடலை மீண்டும் பாடுவார்கள். அரங்கில் விளக்குகள் எரிய, பேச்சும் நடமாட்டமும் தொடரும். 1898ல் தனது 31வது வயதில் லா ஸ்காலாவின் தலைமை நடத்துனரான டொஸ்கானினி, இவற்றை ஒவ்வொன்றாக மாற்றினார். விளக்குகள் அணைக்கப்பட்டன. பெண்கள் பெரிய தொப்பிகளைக் கழற்றிவிட்டு அமர வேண்டியதாயிற்று. ஒரே பாடலை மீண்டும் பாடும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. 1903ல் பருவத்தின் கடைசி இரவில் ரசிகர்கள் விடாப்பிடியாக அதைக் கோரியபோது, நடுவிலேயே வெளியேறி, மூன்று ஆண்டுகள் அந்த அரங்குக்குத் திரும்பாமல் இருந்தார்.

இசையமைப்பாளர் எழுதியதே சட்டம், பாடகரும் கலைஞரும் ரசிகரும் நடத்துனரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதே அவரது நிலைப்பாடு. நடைமுறையில் அவரும் சில இடங்களில் வாத்தியங்களின் பகுதிகளைத் தேவைக்கேற்ப மாற்றியமைத்தார் என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். எனினும் சொந்த விருப்பத்தைக் காட்டிலும் உயர்ந்த ஒன்று உண்டு என்ற அந்த நிலைப்பாடு, பின்னர் அவரது அரசியல் வாழ்விலும் பிரதிபலித்தது.

அதேவேளை, அந்தச் சட்டத்தை அவர் நிலைநாட்டிய விதம் கொடுமையானது. ஒத்திகைகளில் அவர் தடிகளை முறித்தார், ஏடுகளைக் கிழித்தார், கைக்கடிகாரத்தைத் தரையில் அடித்து உடைத்தார். வயதில் மூத்த கலைஞர்களையும் வசைபாடினார். 1919ல் துரின் நகரில் ஒரு ஒத்திகையின்போது அவரது ஆத்திரத்தில் வயலின் கலைஞர் ஒருவர் காயமடைந்தார். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. கலை வெறியின் உச்சத்தில் நடந்தது என்ற வாதம் ஏற்கப்பட்டு அவர் விடுவிக்கப்பட்டார். இன்றைய தொழிலாளர் உரிமைச் சூழலில் இப்படிப்பட்ட நடத்தையை எந்த இசைக்குழுவும் சகித்துக்கொள்ளாது.

அப்படியானால் கலைஞர்கள் ஏன் அவருடன் வாசிக்க விரும்பினார்கள்? அவர் தன்னையும் அதே கடுமையுடன் நடத்திக்கொண்டார் என்பதும், கடைசி மேசையில் அமர்ந்திருக்கும் வயலின் கலைஞரிடமும் முன்னணிக் கலைஞரிடம் எதிர்பார்க்கும் அதே கவனத்தை எதிர்பார்த்தார் என்பதும் அவர்கள் பலரது நினைவுகளில் இடம்பெறும் விஷயங்கள். இது அவரது கோபத்தை நியாயப்படுத்தாது. ஆனால் அந்தக் கலைஞர்கள் அச்சத்தால் மட்டுமே கட்டுண்டிருக்கவில்லை என்பதை இது விளக்குகிறது.

பொலோனாவில் விழுந்த அறை

டொஸ்கானினியின் அரசியல் பயணம் நேர்கோட்டில் அமைந்ததல்ல. முதலாம் உலகப் போரில் தேசப்பற்றுடன் ஈடுபட்ட அவர், 1917ல் போர்முனையில் இராணுவ வாத்தியக் குழுவை நடத்தினார். 1919 நவம்பர் தேர்தலில் மிலானில் முசோலினியின் தலைமையிலான பாசிஸ்ட் பட்டியலில் வேட்பாளராகவும் நின்றார். அரச முறையை எதிர்த்த, தீவிர சமூகச் சீர்திருத்தங்களை முன்வைத்த அன்றைய பாசிஸ்ட் அறிக்கை, கரிபால்டி வீரரின் மகனைக் கவர்ந்திருந்தது. பட்டியலில் எவரும் வெற்றி பெறவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அந்த இயக்கம் வன்முறைக் கும்பல்களின் கட்சியாகவும், 1922ல் ஆட்சியாகவும் மாறியபோது, அவர் அதன் கடும் எதிர்ப்பாளராகிவிட்டார்.

1921 முதல் 1929 வரை லா ஸ்காலாவின் பொறுப்பு மீண்டும் அவரிடம் இருந்தது. அந்தக் காலத்தில் அரங்கில் முசோலினியின் படத்தை மாட்டவும், பாசிஸ்ட் கட்சியின் கீதமான ஜியோவினெத்ஸாவை வாசிக்கவும் அவர் மறுத்தார். 1926 ஏப்ரல் 25ம் தேதி, மறைந்த புச்சினியின் கடைசிப் படைப்பான துராந்தோத் அரங்கேறிய இரவிலும் கீதம் வாசிக்கப்படவில்லை. முசோலினியும் வரவில்லை. அன்று டொஸ்கானினி, புச்சினி எழுதி முடித்திருந்த இடத்தில் இசையை நிறுத்தி, மற்றொருவர் எழுதிச் சேர்த்திருந்த முடிவை வாசிக்காமல் விட்டார்.

மோதல் உச்சமடைந்தது 1931 மே மாதம் 14ம் தேதி. இசையமைப்பாளர் மார்துச்சியின் நினைவாகப் பொலோனா நகரில் நடைபெறவிருந்த கச்சேரிக்கு இரு அமைச்சர்கள் வருவதாக இருந்ததால், அரச கீதத்தையும் கட்சிக் கீதத்தையும் வாசிக்க வேண்டும் என்று கோரப்பட்டது. ஒரு கலைஞரின் நினைவு நிகழ்ச்சியில் அவற்றுக்கு இடமில்லை என்பது டொஸ்கானினியின் முடிவு. அரங்க வாசலில் அவரைச் சூழ்ந்துகொண்ட பாசிஸ்டுகள் முகத்தில் அறைந்தார்கள். அவருக்கு அப்போது வயது 64. தங்கியிருந்த விடுதியையும் கும்பல் முற்றுகையிட்டது. இரவோடு இரவாக அவர் மிலானுக்குக் காரில் அனுப்பப்பட்டார். கடவுச்சீட்டு பறிக்கப்பட்டு, வீடு கண்காணிப்புக்குள் வந்தது. ரஷ்யாவில் பிறந்த நடத்துனர் குஸெவிட்ஸ்கி, இதைக் கண்டித்து லா ஸ்காலாவில் தனது நிகழ்ச்சிகளை ரத்துச் செய்தார். சர்வதேசக் கண்டனங்களைத் தொடர்ந்து கடவுச்சீட்டு திருப்பியளிக்கப்பட்டது. பாசிஸ்ட் ஆட்சி நீடிக்கும் வரை இத்தாலியில் வாசிப்பதில்லை என்று டொஸ்கானினி முடிவெடுத்தார். அந்த முடிவு 15 ஆண்டுகள் நீடித்தது.

பெய்ரூத்தில் இருந்து டெல் அவிவ் வரை

அடுத்து அவர் இழந்தது அதைவிடப் பெரியது. வாக்னரின் இசை அவருக்கு உயிர். அந்த இசையமைப்பாளர் தானே உருவாக்கிய ஜெர்மனியின் பெய்ரூத் விழாவில், ஜெர்மன் மரபுக்கு வெளியிலிருந்து வந்த முதல் நடத்துனராக 1930ல் அவர் அழைக்கப்பட்டார். 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதக் கலைஞர்கள் பணி நீக்கம் செய்யப்பட்டனர். ஏப்ரல் முதல் தேதி, அமெரிக்காவில் இருந்த இசைக்கலைஞர்கள் ஹிட்லருக்கு அனுப்பிய கண்டனத் தந்தியில் டொஸ்கானினியின் பெயர் முதலாவதாக இருந்தது. பெய்ரூத்துக்கு வருமாறு ஹிட்லர் அவருக்குத் தனிப்பட்ட முறையில் கடிதம் எழுதினார். சில வார யோசனைக்குப் பின்னர் டொஸ்கானினி மறுத்துவிட்டார். மீண்டும் அந்த மேடையை அவர் மிதிக்கவில்லை.

ஜெர்மனியிலேயே தங்கிவிட்ட பெரும் நடத்துனர் பூர்ட்வெங்லரின் பாதை வேறானது. யூதக் கலைஞர்கள் சிலரைக் காப்பாற்ற முயன்ற அவர், இசை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று நம்பி ஆட்சியின் கீழேயே தொடர்ந்து வாசித்தார். 1936ல் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவில் தனது இடத்துக்கு டொஸ்கானினி பரிந்துரைத்தது அவரைத்தான். எதிர்ப்புகளால் அந்த நியமனம் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு சால்ஸ்பர்க் விழாவில் இருவருக்கும் இடையே பிளவு ஏற்பட்டது. ஒரு சர்வாதிகாரத்தின் கீழ் கலைஞர் உள்ளே இருந்து செய்யக்கூடியது என்ன, வெளியேறினால் சாதிப்பது என்ன என்ற விவாதம், இந்த இருவரையும் முன்வைத்து இன்றும் தொடர்கிறது. வெளியேறுவதற்கு டொஸ்கானினிக்கு உலகெங்கும் மேடைகள் காத்திருந்தன என்பதையும் இந்த விவாதத்தில் மறந்துவிட முடியாது.

அத்தகைய வசதி இல்லாதவர்களுக்காகவே அவர் 1936ல் மற்றொரு பயணத்தை மேற்கொண்டார். ஐரோப்பிய இசைக்குழுக்களிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதக் கலைஞர்களைத் திரட்டி, வயலின் மேதை ஹூபர்மன், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தில் ஒரு இசைக்குழுவை அமைத்தார். டிசம்பர் 26ம் தேதி டெல் அவிவ் நகரில் அதன் முதல் கச்சேரியை டொஸ்கானினி நடத்தினார். ஊதியம் பெறவில்லை. பயணச் செலவும் அவருடையதே. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு மரபுகளில் பயின்றவர்கள் ஒருசில வார ஒத்திகையில் ஒரே குழுவாக ஒலித்தார்கள். நிகழ்ச்சியில் மெண்டல்சனின் இசையும் இடம்பெற்றது. யூதர் என்பதால் ஜெர்மனியில் அவரது இசை தடை செய்யப்பட்டிருந்தது.

1938ல் ஆஸ்திரியா ஹிட்லருக்குப் பணியத் தொடங்கியதும் சால்ஸ்பர்க் விழாவையும் அவர் துறந்தார். அதே ஆண்டு இத்தாலி யூதர்களுக்கு எதிரான சட்டங்களைக் கொண்டுவந்தபோது, தொலைபேசியில் அவற்றை அவர் கண்டித்ததை உளவுத்துறை ஒட்டுக்கேட்டது. கடவுச்சீட்டு மீண்டும் பறிக்கப்பட்டு மீண்டும் கிடைத்தது. குடும்பத்துடன் அமெரிக்கா சென்றார்.

வானொலி நேயர்களின் இசைக்குழு

அமெரிக்காவில் அவருக்காகவே ஒரு குழு காத்திருந்தது. என்.பி.சி. வானொலி நிறுவனம் 1937ல் அமைத்த சிம்பொனி இசைக்குழுவை, அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் அவர் முதன்முறையாக நடத்தினார். அப்போது வயது 70. நியூயார்க்கில் 8-எச் என்ற எண் கொண்ட ஒலிபரப்புக் கூடத்தில் நேரடி ரசிகர்களும் இருந்தார்கள். தாள் சலசலக்கும் ஓசை ஒலிவாங்கியில் விழக்கூடாது என்பதற்காக நிகழ்ச்சி நிரல் பட்டுத்துணியில் அச்சிட்டு வழங்கப்பட்டது. கச்சேரி மண்டபத்தில் ஒருபோதும் கால் வைத்திராத இலட்சக்கணக்கான நேயர்களுக்கு, வீட்டு வானொலிப் பெட்டியே மண்டபமாயிற்று.

போர்க்காலத்தில் இந்தக் குழுவின் ஒலிபரப்புகள் அரசியல் நிகழ்வுகளாகவும் அமைந்தன. ஜெர்மன் படைகளின் முற்றுகையில் இருந்த லெனின்கிராட் நகருக்காக ஷோஸ்டகோவிச் எழுதிய ஏழாவது சிம்பொனியின் ஏடு, நுண்படச்சுருளாக டெஹ்ரான், கெய்ரோ வழியாக அமெரிக்கா வந்தது. 1942 ஜூலை 19ம் தேதி அதை டொஸ்கானினி ஒலிபரப்பினார்.

அதேவேளை, புகழ்பெற்ற ஒரு சில படைப்புகளையே அவர் திரும்பத் திரும்ப வாசித்தார், புதிய இசையமைப்பாளர்களுக்குப் போதிய இடம் தரவில்லை, ஒரு தனிமனிதரை வழிபடும் விளம்பரக் கலாசாரத்துக்கு அவரது பெயர் பயன்பட்டது என்ற விமர்சனங்கள் உண்டு. இவை புறக்கணிக்கத்தக்கவை அல்ல.

1943 ஆகஸ்டில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் லா ஸ்காலா சிதைந்தது. திருத்தியமைக்கப்பட்ட அரங்கை 1946 மே மாதம் 11ம் தேதி திறந்துவைத்தவர் டொஸ்கானினி. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே ஒலிபெருக்கிகளில் கேட்டார்கள். யூதர் என்பதால் 1938ல் வெளியேற்றப்பட்ட பாடகர் குழுப் பயிற்சியாளர் வெனெத்சியானி, அன்று தனது பழைய பணிக்குத் திரும்பியிருந்தார். மூன்று ஆண்டுகளின் பின்னர், இத்தாலியக் குடியரசுத் தலைவர் வழங்கிய ஆயுட்கால செனட்டர் பதவியை டொஸ்கானினி ஏற்கவில்லை. இசைக்கலைஞராகவே வாழ்ந்து முடிக்க விரும்பினார்.

நடத்துனர் இல்லாத மேடை

1954 ஏப்ரல் 4ம் தேதி, நியூயார்க்கின் கார்னெகி மண்டபத்தில் முழுவதும் வாக்னர் இசையாக அமைந்த நேரடி ஒலிபரப்பின் நடுவே, 87 வயது டொஸ்கானினியின் நினைவு ஒரு கணம் தவறியது. ஏடின்றி 68 ஆண்டுகள் நடத்திய மனிதரின் கை தடுமாறி நின்றது. முதல் செல்லோ கலைஞர் பிராங்க் மில்லர் சைகை காட்டிச் சக கலைஞர்களை வழிநடத்த முயன்றார். ஒலிபரப்பாளர்கள் சிறிது நேரம் ஒலியை நிறுத்தி, வேறொரு பதிவை ஒலிக்கவிட்டனர். அவர் நிதானம் பெற்று நிகழ்ச்சியை முடித்தார். கரவொலியை ஏற்கத் திரும்பி வரவில்லை. அதுவே அவரது கடைசிக் கச்சேரி.

அவர் விலகியதும் என்.பி.சி. நிறுவனம் இசைக்குழுவைக் கலைத்தது. கலைஞர்கள் கலைய மறுத்தார்கள். சிம்பொனி ஆப் தி ஏர் என்ற பெயரில் தாமே ஒரு குழுவாகி, அதே ஆண்டு அக்டோபர் 27ம் தேதி அதே மண்டபத்தில் வாசித்தார்கள். நடத்துனர் நிற்கும் மேடை காலியாக விடப்பட்டிருந்தது. தடியும் இல்லை, ஆணையும் இல்லை. ஆனாலும் நூறு பேரும் ஒன்றாகவே தொடங்கினார்கள், ஒன்றாகவே முடித்தார்கள்.

இது முன்பே முயன்று பார்க்கப்பட்டதுதான். மாஸ்கோவில் 1922ல் உருவான பெர்சிம்பான்ஸ் என்ற குழு, நடத்துனரே வேண்டாம் என்று பிரகடனம் செய்து, கலைஞர்கள் வட்டமாக ஒருவரையொருவர் பார்த்தபடி அமர்ந்து வாசித்தது. நீண்ட ஒத்திகைகள் தேவைப்பட்டன என்றாலும், ஸ்டாலின் ஆட்சிக்காலத்தில் 1932ல் கலையும் வரை அது சிறப்பாகவே இயங்கியது. நியூயார்க்கில் 1972ல் தொடங்கப்பட்ட ஆர்பியஸ் குழுவும் இதே வழியைப் பின்பற்றியது.

டொஸ்கானினியின் கலைஞர்களால் அவர் இல்லாமலும் வாசிக்க முடிந்ததற்குக் காரணம், 17 ஆண்டுகளில் அவர்கள் கற்றது கீழ்ப்படிவதை மட்டுமல்ல. அருகில் இருப்பவரின் மூச்சைக் கேட்கவும், தமது தாளில் இல்லாத பகுதிகளையும் மனதில் தாங்கவும் அவர்கள் கற்றிருந்தார்கள். சர்வாதிகாரி விழுந்தால் அவர் கட்டிய ஒழுங்கும் சேர்ந்து விழுகிறது. முசோலினியின் கட்சி 1943 ஜூலையில் அவர் நீக்கப்பட்ட சில நாட்களுக்குள் கலைக்கப்பட்டது. டொஸ்கானினியின் குழு, சம்பளம் நின்ற பின்னரும் தன் விருப்பத்தால் கூடியது.

1957 ஜனவரி 16ம் தேதி, 90வது பிறந்தநாளுக்கு இரண்டு மாதங்கள் இருக்கையில், நியூயார்க்கில் உள்ள தனது இல்லத்தில் அவர் காலமானார். உடல் மிலானுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த மாதம் கார்னெகி மண்டபத்தில் அவரது பழைய கலைஞர்கள் நடத்திய நினைவுக் கச்சேரியில் புரூனோ வால்டர், மொந்தோ, முன்ஷ் ஆகிய மூன்று நடத்துனர்கள் ஒருவர் பின் ஒருவராக மேடையேறினார்கள். இம்முறை அந்தக் கலைஞர்கள் மூவரின் கையசைவுக்கும் இசைந்து வாசித்தார்கள்.